சபையும் காவலும்: 1940ஆம் ஆண்டு ஊவாவை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

திருவள்ளுவர் பொருட்பாலிலே ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்த பின்னரே அரசன் நம்பவேண்டும் என்பது அங்குக் கூறப்படும் முறைகளுள் ஒன்று. முடியாட்சிக் காலத்துக்கு அது போதுமாயிருந்தது. காவலரையும் ஒற்றரையும் அரசன் கண்காணித்தான். அரசனை அறம் கண்காணிக்கும் என்று மக்கள் நம்பினர். குடியாட்சி வந்தபின்னர் அரசன் இருந்த ஆசனத்திலே மக்கள் தெரிந்தெடுத்த சபை அமர்ந்தது. எங்கோ கொழும்பிலே கூடும் ஒரு சபை, பசறையிலோ தெமோதரையிலோ இரவு வேளையில் லயத்துக் கதவைத் தட்டும் பொலிஸ்காரரை எவ்வாறு கண்காணிக்கும்? முழுச் சபையும் அதனைச் செய்ய இயலாது. ஆகவே சபை தன்னுள்ளே சிறு குழுக்களை வகுத்துக்கொள்கிறது. அக்குழுக்கள் எவ்வாறு அமையவேண்டும், எங்கே தவறுகின்றன என்பதனை அறிவதற்கு மேனாட்டு நூல்களை மட்டும் புரட்டவேண்டியதில்லை. நம் ஊவா மாகாணத்து மலைகளிலும், அதற்கு அப்பாலுள்ள ஹேவாஹெட்டவிலும் நிகழ்ந்தவையே போதிய பாடமாகும்.

இராணுவச் சட்டம் ஊவாவுக்குப் புதிதன்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் இங்கு எழுந்த கிளர்ச்சியை அடக்கத் தேசாதிபதி பிரவுண்றிக் அச்சட்டத்தைப் பிரகடனம் செய்தார். ஏன் செய்தீர் என வினவ அன்று ஒரு சபையும் இருக்கவில்லை. சட்டநிரூபண சபை தோன்றியதே 1833ஆம் ஆண்டிலேதான். அச்சபையும் நெடுங்காலம் உத்தியோகத்தரும் நியமன உறுப்பினரும் நிறைந்ததாகவே இருந்தது. உண்மையான மாற்றம் 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தோடு வந்தது. சர்வசன வாக்குரிமை அவ்வாண்டிலேயே கிடைத்தமையை நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அத்திட்டத்தின் மற்றொரு புதுமையை, அதாவது நிர்வாகக் குழு முறையை, இன்று பலரும் மறந்துவிட்டனர்.

அதன் அமைப்பு விந்தையானது. ஐம்பது தெரிவான உறுப்பினரும் எட்டு நியமன உறுப்பினரும் மூன்று அரச உத்தியோகத்தருமாக 61 பேர் கொண்டது அரசாங்க சபை. சபாநாயகரும் அந்த உத்தியோகத்தர் மூவரும் நீங்கலாக ஏனையோர் இரகசிய வாக்கினால் ஏழு குழுக்களாகப் பிரிந்தனர். உள்நாட்டு விவகாரம், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழில் கைத்தொழில் வர்த்தகம், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலையும் என்பன அக்குழுக்களின் துறைகள். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிந்தது. அத்தலைவரே தேசாதிபதியால் மந்திரியாக நியமிக்கப்பட்டார். இலண்டன் மாநகரக் கவுன்சிலின் குழு முறையே இதற்கு முன்மாதிரி என்பர். இலங்கையிலே கட்டுக்கோப்பான அரசியற் கட்சிகள் இல்லாமையால், ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைப்பதிலும் குழுவிடம் ஒப்படைப்பது பாதுகாப்பானது என டொனமூர் ஆணையாளர் கருதினர்.

பொலிஸ் திணைக்களம் உள்நாட்டு விவகாரக் குழுவின் கீழ் வந்தது. சிறைச்சாலைகளும் அரசாங்க அதிபர்மாரின் மாகாண நிர்வாகமும் அதே குழுவினவே. 1931 முதல் 1942 வரை அதன் தலைவராகவும் உள்நாட்டு மந்திரியாகவும் விளங்கியவர் சேர் பாரன் ஜயதிலகா. அவருக்குப் பின் அப்பதவியை வகித்தவர் சேர் அருணாசலம் மகாதேவா. எழுத்தளவிற் பார்த்தால் இதனைவிட நெருக்கமான கண்காணிப்பு இருக்கமுடியாது. குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் திணைக்கள விடயங்களை ஆராயலாம், பத்திரங்களைப் பார்க்கலாம், முடிவிற் பங்குகொள்ளலாம். இன்றைய பாராளுமன்றப் பின்வரிசை உறுப்பினர் கனவிலும் காணாத வாய்ப்பு இது.

ஆயினும் இந்த அமைப்பிலே இரண்டு துளைகள் இருந்தன.

முதலாவது, பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அரசாங்க உத்தியோகத்தர் பற்றிய கருமங்களும் பிரதம காரியதரிசியிடம் இருந்தன. நீதி சட்டக் காரியதரிசியிடமும், நிதி நிதிக் காரியதரிசியிடமும் இருந்தன. இம்மூவரும் சபையிலே அமர்ந்து பேசலாம், வாக்களிக்கலாகாது. சபை அவர்களை நீக்கவும் இயலாது. ஆகவே தெருவிலே நிற்கும் பொலிஸ்காரர் குழுவுக்குரியவர். அதே பொலிஸ்காரர் யுத்தகாலப் பாதுகாப்பு விதியின் கீழ் ஒருவரைப் பிடிக்கும்போது குழுவுக்கு அப்பாற்பட்டவர். இரண்டாவது, பொலிஸ் மாஅதிபர் தமது மேலதிகாரி மந்திரியா, குழுவா, தேசாதிபதியா என்பதனைத் தமக்கு வசதியானபடி பொருள்கொள்ள இடமிருந்தது. பின்னர் நிகழ்ந்த குழப்பங்களெல்லாம் இவ்விரு துளைகளின் வழியாகவே புகுந்தன என்பது என் துணிபு.

முதற் சோதனை 1937ஆம் ஆண்டிலே வந்தது. மாத்தளைக்கு அப்பால் மடுல்கலைப் பகுதியிலே தோட்டத் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், துரைமார் சங்கத்தை விட்டுச் சமசமாஜிகளோடு சேர்ந்து தொழிலாளர் கூட்டங்களிற் பேசத் தொடங்கினார். தேசாதிபதி சேர் றெஜினல்ட் ஸ்ரப்ஸ், 1896ஆம் ஆண்டின் பழைய ஆணையொன்றைத் தூசி தட்டி எடுத்து, அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதெனத் தீர்த்தது. சட்டம் அவ்வளவில் முடிந்தது. சபைக்கோ வேறொரு வினா எஞ்சியது: இக்கட்டளை பிறக்குமுன் பொலிஸ் மாஅதிபர் பாங்ஸ் உள்நாட்டு மந்திரியைக் கலந்துகொண்டாரா? கலந்துகொண்டேன் என்றார் ஒருவர். இல்லை என்றார் மற்றவர். அதனை ஆராய ஓர் ஆணைக்குழுவே நியமிக்கவேண்டியதாயிற்று. மந்திரிக்கும் அவருடைய திணைக்களத் தலைவருக்கும் இடையே நடந்த உரையாடலை அறிய வெளியார் விசாரணை தேவைப்பட்டதென்றால், பத்திரங்களைப் பார்க்கும் உரிமை படைத்த குழு என்ன செய்துகொண்டிருந்தது? வாய்மொழியாற் சொல்லி முடிக்கும் கருமம் எந்தக் குழுவின் பத்திரத்திலும் ஏறாது.

இனி 1940ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜனவரி மாதம், ஹேவாஹெட்டவிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வும் சங்க உரிமையும் வேண்டி வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. 10ஆந் திகதி பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றிலே முதற்பலி என இன்றும் போற்றப்படுபவர் அவரே. மரண விசாரணையிலே தொழிலாளர் தரப்பில் தோன்றிய கொல்வின் ஆர். டி சில்வாவின் குறுக்கு விசாரணை நாடெங்கும் பேசப்பட்டது. பொதுமக்கள் குரலுக்கு இணங்கி விசாரணை ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது.

அரசியல் நெருக்கடி அதன்பின்னரே தொடங்கியது. ஆணைக்குழு விசாரிக்கும் வேளையில், வேலைநிறுத்தத்தோடு தொடர்புடைய தொழிலாளர் வழக்குகளைக் குறித்து உள்நாட்டு மந்திரி விடுத்த பணிப்பைப் பொலிஸ் மாஅதிபர் ஏற்க மறுத்தார். அப்பொழுது தேசாதிபதியாயிருந்த சேர் அன்ட்ரூ கால்டிகொட் மாஅதிபரின் பக்கமே நின்றார். மந்திரிமார் பதவி துறந்தனர். சில வாரங்களில் ஓர் இணக்கம் ஏற்பட்டு அவர்கள் மீண்டும் பதவியேற்றனர் என்பது உண்மையே. எனினும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணத்தை முன்னிட்டு, பொலிஸ் யாருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற வினாவில் இலங்கையின் மந்திரிமார் சபை முழுவதும் ஆசனம் துறந்ததென்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். பாடநூல்களில் அது ஓரிரு வரியாகவே வருகிறது.

மந்திரி செய்ததும் முற்றிலும் பிழையற்றதென யான் கூறமாட்டேன். நடைபெறும் வழக்கிலே அரசியல்வாதி தலையிடலாகாது என்ற கொள்கையும் மதிக்கத்தக்கதே. மாஅதிபர் அக்கொள்கையையே தமக்குக் கேடயமாக்கினார். ஆனால் பொலிஸ் பகுதிக்கும் தோட்டத் துரைமாருக்கும் இருந்த நெருக்கத்தைப் பற்றிப் பொதுவெளியிற் குற்றச்சாட்டு எழுந்திருந்த நேரத்தில், அதே பகுதி தொடுத்த வழக்கைப் பற்றி வினவவும் ஒருவருக்கும் உரிமையில்லை என்றால் கண்காணிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் ஏது? குறித்த ஒரு வழக்கை எப்படி நடத்துவதெனப் பணிப்பது வேறு. நடத்திய முறையைப் பின்னர் விளக்கும்படி கேட்பது வேறு. குழு கேட்கலாம், கட்டளையிடலாகாது என்னும் வேறுபாடு டொனமூர் முறையிலே இல்லை. அங்கே குழுவே நிர்வாகி, குழுவே கண்காணிப்பாளர். நெல் அளப்பவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒருவராயிருந்தால் நிகழ்வதே அங்கும் நிகழ்ந்தது.

கொழும்பிலே இத்தகைய வாதம் நடந்துகொண்டிருக்க, வேலைநிறுத்த அலை ஊவாவை அடைந்தது. 1940ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிலே பதுளைப் பகுதித் தோட்டங்கள் பல கிளர்ந்தன. அவற்றுட் பெயர்பெற்றது பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டம். அங்குத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். தோட்டத் துரை அச்சபையைக் கலந்துகொண்டு கருமமாற்ற இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதிய லெஸ்லி குணவர்த்தனா குறிக்கிறார். மே மாதம் பதுளையிலே பொலிஸ் தடையையும் மீறிப் பெருங்கூட்டம் ஒன்று நடந்தது. பின்னர் அடக்குமுறை கடுமையாயிற்று. அதே வேளையிற் பெருவெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாக ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்தது. பாலமும் பாதையும் அற்ற அவ்வாரத்தில் எந்த நிர்வாகக் குழுவின் கண்ணும் இம்மலைகளை எட்டவில்லை.

ஜூன் மாதம் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகள் பாய்ந்தன. என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரும், சில நாட்களில் கொல்வின் ஆர். டி சில்வாவும் தடுத்துவைக்கப்பட்டனர். முதலிருவரும் அரசாங்க சபையின் உறுப்பினர்! பொலிஸைக் கண்காணிக்கும் சபையின் உறுப்பினரையே பொலிஸ் கொண்டுசென்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரலிற் கண்டிச் சிறையிலிருந்து அவர்கள் தப்பிச் செல்லும் வரை அவர்கள்மீது வழக்கு விசாரணை எதுவும் நடைபெறவில்லை. முன்னே கூறிய முதலாந் துளையின் அகலம் இதனால் விளங்கும்.

சோல்பரி அரசியற்றிட்டம் 1947ஆம் ஆண்டு நிர்வாகக் குழுக்களை ஒழித்து, பிரித்தானிய முறையிலான மந்திரிசபையை நிறுவியது. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதம மந்திரிக்கே உரியன என அத்திட்டமே விதித்தது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அவ்வாண்டுப் பொது வேலைநிறுத்தத்தை ஒட்டி அரசாங்க சபையின் இறுதி நாட்களிலே அவசரமாக நிறைவேறியது. அன்று தொடங்கிய அவசரகாலச் சட்டங்களின் வரலாறு நெடியது. ஊவாவைப் பொறுத்தவரை, 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு அவ்வாண்டுக் கிளர்ச்சி வெளிப்பட்டமையைக் குறிப்பிட்டால் போதும்.

தோட்ட மக்களுக்கு நேர்ந்த பெருங்கேடு வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1947இல் மலையகத்துப் பிரதிநிதிகள் பலர் பாராளுமன்றம் சென்றனர்; 1952இல் ஒருவரும் இல்லை. 1977ஆம் ஆண்டு நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் தெரிவாகும் வரை நியமன ஆசனமே கதி. குடியுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் முற்றாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். குழு எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும், அதில் அமர்ந்து கேட்பதற்கு ஒரு மக்கட்கூட்டத்தின் பிரதிநிதி இல்லையெனில், அக்கூட்டத்தின் முறைப்பாடு நிகழ்ச்சி நிரலிலே ஏறாது. 1983ஆம் ஆண்டு ஜூலையிலே பதுளை நகரம் எரிந்தபோது காவலர் எங்கிருந்தனர் என்று எந்தக் குழு கேட்டது?

பிறநாட்டார் இவ்வினாவுக்கு எவ்வாறு விடைகண்டனர் என்பதைச் சுருங்கச் சொல்வாம். அமெரிக்காவிலே செனற்றர் சேர்ச் தலைமையிலான குழு 1975ஆம் ஆண்டு உளவுப் பகுதிகளின் அத்துமீறல்களை வெளிக்கொணர்ந்தது. மறு ஆண்டே செனற் சபை நிலையான உளவுக் குழுவொன்றை நிறுவியது. உள்நாட்டுப் பாதுகாப்புக்கெனப் பிரதிநிதிகள் சபை 2002இல் அமைத்த தற்காலிகக் குழு 2005இல் நிலையான குழுவாயிற்று. பிரித்தானியா 1979இல் உள்நாட்டு அலுவலகத்துக்கெனத் தெரிகுழுவையும், 1994இல் உளவுப் பகுதிக்கென வேறொரு குழுவையும் கண்டது. இந்தியப் பாராளுமன்றத்தில் 1993 முதல் உள்துறைக்கென நிலைக்குழு உண்டு. அது மானியக் கோரிக்கைகளையும் மசோதாக்களையும் ஆராயும். ஆனால் அங்குள்ள உளவுத்துறையைக் கண்காணிக்கச் சட்டத்தால் அமைந்த பாராளுமன்றக் குழு இல்லை. எங்கும் காணப்படும் பொதுவழக்கம் ஒன்றுண்டு: குழுவின் தலைவர் அத்துறையின் மந்திரியாக இருக்கலாகாது.

நம் நாடு இதனை ஏற்க நெடுங்காலம் எடுத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பின் தோன்றிய ஆலோசனைக் குழுக்களுக்கு அந்தந்த அமைச்சரே தலைவர். தோட்டத்துப் பாதையைச் செப்பனிடுவது போன்ற சிறு கருமங்களுக்கு அவை உதவலாம். அமைச்சரை அமைச்சரே விசாரித்தல் எவ்வாறு கூடும்? அவசரகாலப் பிரகடனத்துக்குச் சபையின் அங்கீகாரம் மாதந்தோறும் தேவை என்ற விதி இருந்தது உண்மை. 1983 முதல் 2011 வரை, இடைவெளிகள் சில நீங்கலாக, மாதந்தோறும் கை உயர்ந்தது; ஆராய்ச்சி நடந்ததெனச் சொல்ல முடியாது.

இந்த வெறுமையின் விளைவை ஊவா நேரிற் கண்டது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆந் திகதி, பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிலே, அரசின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் திரண்டுவந்த கூட்டத்தினராற் கொல்லப்பட்டனர். ஆயுதந் தாங்கிய பொலிஸார் அவ்விடத்திலே இருந்தனர். சனாதிபதி ஆணைக்குழு ஒன்று விசாரித்தது; வழக்கும் நடந்தது; 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது; மேன்முறையீடுகளின் முடிவில், 2005 அளவில், எவரும் தண்டனைக்குரியவராக எஞ்சவில்லை. நீதிமன்றம் தனியாளின் குற்றம் ஐயமற நிறுவப்பட்டதா என்றே பார்க்கும். அது அதன் கடமை. அத்தனை பொலிஸார் இருந்தும் ஏன் தடுக்கவில்லை, யாருடைய கட்டளைக்குக் காத்திருந்தனர், அவர்களுக்கு இருந்த அறிவுறுத்தல் யாது என்பன நிர்வாகம் பற்றிய வினாக்கள். அவற்றைக் கேட்பதற்குரிய இடம் பாராளுமன்றக் குழுவே. அப்படி ஒரு குழு அன்று இருக்கவில்லை.

துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் 2015ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்திலேதான் வந்தன. அவற்றுள் ஒன்று தேசிய பாதுகாப்புக்குரியது. அமைச்சரல்லாதவரே அவற்றின் தலைவர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களை ஆராயப் பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் தனியான தெரிகுழுவும் அமைந்தது. அதன் அமர்வுகள் பல பத்திரிகையாளர் முன்னிலையில் நடந்தன. தாம் 2018 அக்டோபர் பிற்பகுதி முதல் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படவில்லை எனப் பொலிஸ் மாஅதிபரே அங்குச் சாட்சியமளித்தார். உத்தியோகத்தரை அனுப்பமாட்டேன் எனச் சனாதிபதி கூறியும் குழு தளரவில்லை. நாட்டின் பொலிஸ் தலைவர் பாதுகாப்பு மந்திராலோசனைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார் என்ற செய்தி அக்குழு இல்லையேல் அத்துணை தெளிவாக மக்களுக்குத் தெரிந்திராது. குழு கேட்கலாம், கட்டளையிடலாகாது என்று முன்னர்க் கூறிய வேறுபாட்டுக்கு இதுவே நல்ல உதாரணம்.

மாஅதிபருக்கும் சபைக்கும் இடையேயான பழைய வழக்கு 2025ஆம் ஆண்டிலே ஒரு முடிவைக் கண்டதெனலாம். 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் மூவர் விசாரித்து அறிக்கை தர, அவ்வாண்டு ஆகஸ்டு 5ஆந் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்வாக்கின்றி, பதவியிலிருந்த பொலிஸ் மாஅதிபர் தேசபந்து தென்னக்கோனை நீக்கியது. 1940இல் மந்திரிமார் பதவி துறந்தும் பெறாத அதிகாரம் அது. மாஅதிபரைத் தண்டிப்பதற்கு வழி பிறந்துவிட்டது. பொலிஸ் நிலையத்தை நாடோறும் கண்காணிப்பதற்கு வழி பிறந்ததோ என்பது வேறு வினா.

அதற்காகவே 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவை விதித்தது. ஊவாவிலோ வேறெந்த மாகாணத்திலோ அது இயங்கியதில்லை. ஊவா மாகாண சபைக்கு இறுதித் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். அச்சபையின் காலம் 2019இல் முடிந்தது. எனவே பதுளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளிக்கு இன்று எஞ்சியுள்ள வழிகளுள், நம் பழைய மாணவர் உதவக்கூடியது ஒன்றுண்டு. பாராளுமன்றத்தின் பொது மனுக் குழுவுக்குத் தமிழிலேயே மனு எழுதி, ஓர் உறுப்பினர் வாயிலாகச் சமர்ப்பிக்கலாம். குழு சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரை அழைத்து விளக்கம் கேட்கும். மனுவிலே பொலிஸ் நிலையத்தின் பெயர், முறைப்பாடு பதியப்பட்ட திகதி, பதிவு இலக்கம், வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது, கையொப்பமிடுமுன் அது வாசித்து விளக்கப்பட்டதா என்பவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். தமக்கு விளங்காத மொழியிலுள்ள வாக்குமூலத்தின் கீழே கைநாட்டு வைத்துவிட்டு வருவோர் நம் தோட்டங்களில் இன்றும் உளர்.